எம்சீல் அடைத்த பெட்டி

பதினான்கு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வரும் பதினொன்றாம் வகுப்பிடம் நான் முதலில் சொல்வது, எந்தப் பெட்டியைத் தொடுவதற்கு முன்னும் உள்ளே இருப்பதற்கு ஒரு நகல் எடுத்துவிடு என்பதைத்தான். அதை நோட்டில் எழுதச் சொல்வேன். எழுதாதவர்களை எழுந்து நிற்க வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் என் அண்ணனின் பெட்டியை நகல் எடுக்காமல் தொட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

நான் இனயத்தில் பிறந்து கருங்கலில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணன் விசைப்படகில் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுகிறவர். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து கிளம்பினால் திரும்ப ஒரு மாதம் ஆகும், சில சமயம் நாற்பது நாள். அவருடைய கேபினில் ஒரு சின்னக் கணினி உண்டு. சோற்றுப் பாத்திரம் அளவுதான் இருக்கும். விசிறி கிடையாது, படகின் பேட்டரியிலேயே ஓடும். வளைகுடாவிலிருந்து வந்த நண்பர் யாரோ கொண்டுவந்து கொடுத்தது. மூடியில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் பாயிண்ட். கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும் இடத்தில் மீன் கூடும். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைத்தான் எங்கள் கடற்கரையில் பாயிண்ட் என்பார்கள். பதினோரு வருடம் கடலில் தேடித் தேடிச் சேர்த்தது. பாயிண்டை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சொந்த மச்சானுக்குச் சொல்வதில்லை, கட்டிய மனைவிக்கும் சொல்வதில்லை. படகு துறைமுகத்தில் நிற்கும்போது எவனாவது ஏறி ஒரு பென்டிரைவைச் சொருகி அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்று அண்ணனுக்குப் பயம். அதற்காக அவர் செய்த காரியத்தை எந்தக் கணினிப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. பெட்டியில் இருந்த மூன்று யூஎஸ்பி துளையில் இரண்டையும், மெமரி கார்டு துளையையும், குழாய் ஒழுகினால் பூசுகிற எம்சீலைப் பிசைந்து அடைத்துவிட்டார். ஒரே ஒரு துளையை மட்டும், தான் பக்கத்தில் இருக்கும்போது பயன்படுத்துவதற்காக விட்டு வைத்திருந்தார்.

அந்தப் பாயிண்டுகளில் ஒன்று மட்டும் மீனுக்கானது அல்ல. அது தம்பியுடையது.

ஆறு வருடத்துக்கு முன்னால், எங்கள் தம்பி போன படகைப் பெயர் தெரியாத ஒரு கப்பல் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அண்ணன் தன் படகில் பத்து நாள் தேடினார். ஒரு மஞ்சள் கேனும் உடைந்த பலகையும் மிதந்த இடத்தில் பாயிண்ட் போட்டுவிட்டுத் திரும்பினார். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது நாங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவோம். எங்களுக்குப் போக இடம் கிடையாது. அதற்குப் பதிலாக, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு முதல் தடவை கடலுக்குப் போகும்போது, மீனுக்காக ஏற்றிய ஐஸில் முதலில் ஒரு பொட்டலம் தோவாளைப் பூவை வைப்பார் அண்ணன். ஐந்தாறு நாள் ஓடி அந்த இடத்துக்குப் போய், எஞ்சினை நிறுத்திவிட்டு, பூவைத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் வலையைத் தொடுவார். எங்கள் தம்பிக்குக் கல்லறை என்று இருந்தது அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒரு எண்தான்.

தடைக்காலம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அண்ணன் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"மக்கா, இது ஆமை மாதிரி ஊருது. ஒரு பாயிண்ட தொட்டா தொறக்கதுக்குள்ள ஒரு சாயா குடிச்சிரலாம். ஒண்ணு பாத்துத் தா."

பார்த்தேன். வீட்டு மானிட்டரில் இணைத்ததும் தெரிந்தது, பெட்டியின் வட்டு மிகச் சிறியது. அதிலிருந்த சிஸ்டம் தானாகவே அப்டேட் இறக்கி இறக்கி மூச்சு முட்டிக் கிடந்தது. லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்தைப் போட்டால் இலகுவாகிவிடும், இதே கடல் வரைபட மென்பொருள் அதிலும் உண்டு என்றேன்.

"என்னத்த வேணும்னாலும் போடு. ஒரு காரியம் மட்டும் கேட்டுக்கோ. பாயிண்ட வெளிய எடுக்கப்பிடாது. ஒனக்க போனுலயும் கூடாது, பென்டிரைவுலயும் கூடாது. கேட்டியா?"

"எடுக்க மாட்டேண்ணா."

"தம்பிக்க மேல சத்தியமா?"

"சத்தியமா."

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். பெட்டியில் திறந்திருந்த ஒற்றைத் துளையில் ஒரு ஹப்பைச் சொருகி, அதில் விசைப்பலகையையும் பள்ளிக்கூட ஆய்வகத்துக்காக நான் தயாரித்து வைத்திருந்த பென்டிரைவையும் மாட்டினேன். தேங்கிக் கிடந்த அப்டேட்களை அழித்து, பழைய சிஸ்டம் இருந்த பகுதியைச் சுருக்கி ஒரு பக்கமாக விட்டுவிட்டு, மீதி இடத்தில் லினக்ஸை இறக்கினேன். பாயிண்ட் கோப்பு பழைய பகுதியிலேயே பத்திரமாக இருக்கும், பிறகு உள்ளுக்குள்ளேயே நகர்த்திக்கொள்ளலாம் என்பது திட்டம். வட்டின் ஓரத்தில் நூறு எம்பி அளவில் ஒரு துண்டுப் பகுதி இருந்தது. அதை அழித்துப் புதிதாக்கவா என்று நிறுவும் நிரல் கேட்டது. ஆமாம் என்று தட்டினேன். எதற்கு அப்படித் தட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. எல்லாம் தெரியும் என்ற திமிர்தான்.

கணினிக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் விழிப்பது அதன் பலகையிலேயே எழுதப்பட்டிருக்கும் ஒரு சின்ன நிரல். அது வட்டின் ஓரத்துத் துண்டுப் பகுதிக்குள் பூட்லோடர் என்ற ஒரு கோப்பைத் தேடும். அந்தக் கோப்புதான் சிஸ்டத்தை எழுப்பும். நான் அழித்தது அந்தத் துண்டுப் பகுதியை. அங்கே புதிய பூட்லோடரை எழுதும் கடைசிப் படியில், முடியவில்லை என்று சிவப்புக் கட்டத்தில் ஒரு செய்தி வந்தது. பெட்டியை அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்தில் நாலு வரி, கீழே மினுங்கும் ஒரு கோடு. அவ்வளவுதான். பழையதும் எழவில்லை, புதியதும் எழவில்லை.

ஒரு மணி நேரம் என் மடிக்கணினியில் இணைய மன்றங்களைத் துழாவிய பிறகு விஷயம் புரிந்தது. அந்தப் பெட்டியின் செயலி அறுபத்து நான்கு பிட். ஆனால் அதை எழுப்பும் பலகை நிரல் முப்பத்திரண்டு பிட். பெரிய வீடு கட்டிவிட்டு வாசலைக் குனிந்து நுழைகிற அளவுக்கு வைத்த மாதிரி, அந்தக் காலத்தில் சில பெட்டிகளை இப்படிச் செய்திருக்கிறார்கள். என் பென்டிரைவில் இரண்டு அளவுக்கும் கோப்பு இருந்ததால் அது உள்ளே போய்விட்டது. நிறுவும்போது மட்டும் பெரியதை எழுதப் போய் வாசலில் இடித்துக்கொண்டு நின்றது. ஆழம் தெரியாமல் காலை விட்டிருந்தேன்.

சரி, தெரிந்துவிட்டது, சின்ன அளவை எழுதினால் போதும் என்று மறுபடியும் பென்டிரைவிலிருந்து பெட்டியை எழுப்பினேன். பழைய பகுதியைத் திறந்தேன். பாயிண்ட் கோப்பு அங்கேயே இருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். நகல் எடுக்க அரை நிமிடம் போதும். பக்கத்திலேயே பென்டிரைவில் இடம் காலியாகக் கிடந்தது. தம்பிமேல் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது. நகல் எடுக்காமல் பூட்லோடர் வேலைக்குப் போனேன்.

அப்போது மின்சாரம் போனது. ஆடிக் காற்றுக்கு அது வழக்கம்தான். பெட்டியை முன்னறையில் இருந்த இன்வெர்ட்டர் பிளக்கிற்கு மாற்றலாம் என்று தூக்கினேன். ஹப் மேஜை விளிம்பில் மாட்டி இழுத்தது. கைக்குள் மெல்லிய ஒரு சத்தம். ஹப்பின் நுனியில், பல்லைப் பிடுங்கினால் வேரோடு வருவதுபோல, யூஎஸ்பி துளையின் உலோகக் கூடு அப்படியே கழன்று வந்திருந்தது. திறந்திருந்த ஒரே துளை அது.

நான் அழவில்லை. அழுகை வரவில்லை என்பதுதான் உண்மை. கோப்பு உள்ளே இருக்கிறது, என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் உள்ளே போக வழியில்லை. இந்தப் பெட்டியில் வட்டைத் தனியாகக் கழற்றவும் முடியாது, பலகையோடு பற்றவைத்தது. மற்ற மூன்று துளையிலும் கல் மாதிரி எம்சீல். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்று சொல்வார்களே, எனக்கு எட்டியதை நானே தட்டிவிட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார். அவருடைய சுரூபத்தின் முன்னால் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாம் போகட்டும், அந்த ஒன்றைத் தாரும் என்றேன். பிறகு, மற்றதும் போகக் கூடாதே, அண்ணன் எதை வைத்துப் பிழைப்பார் என்று நினைத்து வெட்கப்பட்டேன். வெளியே வந்ததும் அண்ணனின் போன்.

"ஆச்சா மக்கா?"

"கொஞ்சம் வேலை கெடக்குண்ணா." பொய் அவ்வளவு எளிதாக வந்தது. பிறகு கேட்டேன். "ஒங்களுக்கு பாயிண்டெல்லாம் மனசுலயும் இருக்கும் இல்லியா?"

"எல்லாம் எங்க இருக்கும்? மீனுக்க பாயிண்ட் போனாலும் தேடிப் பிடிச்சுக்கலாம். ரெண்டு வருசம் எடுக்கும். கீழ பாறை உண்டும்ணா மெசின் காட்டித் தரும். தம்பிக்க பாயிண்ட்தான் போனா போனதாக்கும். அங்க கீழ ஒண்ணும் கெடயாது. வெறும் கடல் வெள்ளம்." உடனே கேட்டார். "என்னத்துக்குக் கேக்க?"

"சும்மாதான்."

போனை வைத்த பிறகு கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பிக்கு என்று உலகத்தில் மிச்சம் இருந்த இடத்தை நான் அழித்துவிட்டேன் என்று யாரிடம் சொல்வது?

திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரு டீச்சர் இப்பிடி அடச்சது?"

"எங்க அண்ணன்."

"கொள்ளாம்." சிரித்தார். "பிடுங்கிப் போன எடத்துல செம்புத் தடமும் சேந்து போயிட்டு. அங்க வேற துளை வைக்க முடியாது. மெமரி சிப்ப சூடு பண்ணி எடுத்துப் படிக்கலாம். கெடச்சா கெடச்சு, போனா போச்சு. அதுக்கு எனக்கிட்ட பேசப்பிடாது."

பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். சிப்பைச் சூடு பண்ணுவதற்குப் பதில் எம்சீலைச் சூடு பண்ணினால் என்ன என்று பேருந்தில் வரும்போதுதான் தோன்றியது. அதுவும் நல்ல யோசனை என்று சொல்ல மாட்டேன். துளைக்குள்ளே மெல்லிய நான்கு தகடுகள் இருக்கும். எம்சீல் வரும்போது ஒரு தகடு ஒட்டிக்கொண்டு வந்தாலும் கதை முடிந்தது. ஆனால் வேறு யோசனை இல்லை. புதன்கிழமை படகு போகிறது.

செவ்வாய்க்கிழமை முழு லீவு. காலை ஏழு மணிக்கு முதல் துளையில் ஆரம்பித்தேன். ஆய்வகத்தின் சால்டரிங் கம்பியால் தையல் ஊசியைச் சூடாக்கி, எம்சீலில் குத்தி, இளகியதும் கடுகளவு நெம்பி எடுத்தேன். மறுபடி சூடு, மறுபடி குத்து. நாற்றம் தொண்டையில் ஒட்டியது. பெருவிரல் இரண்டு இடத்தில் வெந்தது. பத்து மணிக்கு ஆழம் போனதும் பார்த்தால், இரண்டு தகடுகள் எம்சீலோடு வளைந்து வந்திருந்தன. முதல் துளை போச்சு. அண்ணனை அப்படித் திட்டினேன். வாயில் வந்ததெல்லாம் வந்தது. யாராவது கணினிக்கு எம்சீல் பூசுவார்களா, இது என்ன ஓட்டைத் தண்ணீர்த் தொட்டியா என்று தனியாகக் கத்தினேன். பிறகு இரண்டாவது துளையைத் தொடக் கை வரவில்லை. அதுவும் போனால் மெமரி கார்டு துளைதான், அது ஊசி நுழைகிற அளவுகூடக் கிடையாது.

அந்த நேரத்தில்தான் மைனி வந்தார். பெட்டியை வாங்கி வரச் சொல்லி அண்ணன் அனுப்பியிருந்தார். அண்ணன் மனைவியிடம் எதையும் மறைக்க எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மைனி சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவரு அடைக்கும்ப நான் பக்கத்துல இருந்தேன் மக்களே. மொதல் ஓட்டையில எம்சீல் நெறய போயி, கைக்கு மிச்சம் இல்ல. அடுத்ததுல வலத்துண்ட வச்சித் திணிச்சிட்டு மேல கொஞ்சம்போலத்தான் பூசினாரு."

ஊசியை எடுத்தேன். மைனி சொன்னது உண்மை. மேலே ஒரு தோல் மாதிரி இருந்தது இளகிக் கழன்றதும், உள்ளே நீல நைலான் வலை சுருண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தேன். நூல் நூலாக வந்தது. அதற்குப் பின்னால் நான்கு தகடுகளும் மஞ்சளாக மின்னிக்கொண்டு நேராக நின்றன. மைனி சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆனாலும் பெட்டி உடனே இரங்கவில்லை. துளையின் விளிம்பில் மிச்சமிருந்த எம்சீலால் ஹப் முழுதாக நுழையவில்லை. அழுத்திப் பிடித்தால் விளக்கு எரிந்தது, விட்டால் அணைந்தது. என் இரண்டு கையும் விசைப்பலகைக்கு வேண்டும்.

"நான் பிடிக்கேன்," என்றார் மைனி.

பிடித்தார். முக்கால் மணி நேரம் அசையாமல் பிடித்தார். மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. மைனியின் உதடு மட்டும் செபமாலையில் அசைந்தது. பென்டிரைவிலிருந்து பெட்டி எழுந்தது. பழைய பகுதி திறந்தது. கோப்பு இருந்தது.

நான் மைனியைப் பார்த்தேன். மைனி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் பாக்கல்ல. நீ எடுக்கணும்ணா எடு."

எடுத்தேன். தம்பிமேல் செய்த சத்தியத்தைத் தம்பிக்காகவே முறித்தேன். அதோடு நிற்கவில்லை, கோப்பைத் திறந்தும் பார்த்தேன். நூற்றுக்கணக்கான பாயிண்டுகள், பெயரில்லாமல் வெறும் வரிசை எண்ணோடு. ஒன்றுக்கு மட்டும் சிலுவைக் குறி போட்டிருந்தது. அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை பார்க்கத் தேவைப்படவில்லை.

வரைபட மென்பொருளை லினக்ஸ் பகுதியில் ஏற்றி, பாயிண்ட் கோப்பையும் அங்கே நகர்த்தினேன். பிறகு சின்ன அளவுப் பூட்லோடரை, அந்தப் பெட்டிக்குப் புரிகிற ஒரே பெயரில், அது தேடுகிற ஒரே இடத்தில் எழுதினேன். ஒரு வரிக் கட்டளைதான். நான்கு நாள் என்னைக் கொன்ற விஷயம் நான்கு நொடியில் முடிந்தது. மைனியைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியை அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரை. பிறகு பட்டியல் வந்தது, சிஸ்டம் வந்தது, வரைபடத்தின் நீலக் கடல் வந்தது. மைனியின் விரல்கள் மடங்க மறுத்தன. வெந்நீரில் முக்கி வைத்தேன். அப்போதுதான் அழுதேன்.

சாயங்காலம் அண்ணனே வந்தார். முதலில் துளைகளைத்தான் பார்த்தார்.

"ஏட்டி, இத யாரு தொறந்தா?"

எல்லாவற்றையும் சொன்னேன். நகல் எடுத்ததையும் சொன்னேன். பென்டிரைவை எடுத்து மேஜையில் வைத்தேன். அண்ணன் முகம் சுருங்கியது. பிறகு, நான் எதிர்பார்க்காத விதமாக, பென்டிரைவை என் பக்கம் தள்ளினார்.

"வச்சுக்கோ. அத வச்சு நீ ஒரு மத்தியும் பிடிக்க மாட்ட. அதுல உள்ளது ஒக்க கள்ள நம்பராக்கும்."

எனக்குப் புரியவில்லை.

"ஒவ்வொரு நம்பர்லயும் கொஞ்சம் கூட்டி வச்சிருக்கேன் மக்கா. எவ்வளவு கூட்டினேன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அத மனசுல கழிச்சுத்தான் ஓடுவேன். எவனும் களவாண்டாலும் நடுக்கடல்ல போயி முழிக்கட்டும்."

மைனி வாயைப் பொத்திச் சிரித்தார். நான்கு நாள் எதற்காக உயிரை விட்டேனோ அதுவும் பொய் எண்ணா?

"அப்போ தம்பிக்கதும்?"

அண்ணன் ஒரு கையால் ஹப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரையில் கடலை நகர்த்தி நகர்த்தி அந்தச் சிலுவைக் குறிக்குக் கொண்டுவந்தார்.

"இது மட்டும் உள்ளது உள்ளபடி. அண்ணைக்கு இதுலயும் கூட்டத்தான் போனேன். கை வரல்ல. அவன் கெடக்க எடத்துல என்னத்துக்குக் கள்ளம் சொல்லணும்? அங்க போயி எவன் என்னத்தக் களவாளப் போறான்?"

சட்டைப் பையிலிருந்து புது எம்சீல் பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஆனால் பிரிக்கவில்லை.

"இத மட்டும் நீ எழுதி வச்சுக்கோ. நானும் ஒருக்கா திரும்பி வராம போனா, பூ கொண்டு போக ஆளுக்கு நம்பர் வேணும்லா."

காகிதம் எடுக்க நான் எழுந்திருக்கவில்லை. எண்ணை மனப்பாடமாகச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பாயிண்டை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி மற்றவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். கடைசி இலக்கம் வந்ததும், "இன்னொருக்கா சொல்லு," என்றார். சொன்னேன். மைனியும் கூடச் சேர்ந்து சொன்னார்.